வந்தவாசி வழியாகக் கடலுக்கு



பொங்கல் கழிந்ததும் வேங்கிக்காலில் உள்ள நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இடம்பிடித்துவிடுகிறது. “பிள்ளைங்க கடல் பாக்கணும்னு அடம்பிடிக்கிறாங்க. காலையில கிளம்பி ராத்திரி திரும்புற மாதிரி எங்க போகலாம், சொல்லுங்க.” எழுதுகிறவர் செங்கத்துக்காரராக இருப்பார், கீழ்பென்னாத்தூரில் கடை வைத்திருப்பவராக இருப்பார், தண்டராம்பட்டுப் பக்கத்துப் பள்ளி ஆசிரியையாக இருப்பார். திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கடற்கரை என்று ஒரு முழம்கூடக் கிடையாது. மலையையும் ஏரிக்கரையையும் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல்மேல் இருக்கும் ஏக்கம், கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அவ்வளவு எளிதில் விளங்காது.

இத்தனை நாளும் கேட்டவர்களுக்குத் தனித்தனியே பதில் எழுதி வந்தோம். இந்த முறை எல்லோருக்குமாகச் சேர்த்து இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன். வழி சொல்லும் சாக்கில், நெடுநாளாகச் சொல்ல நினைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

நம்மவர்கள் கடலுக்குப் போனால் நேரே மணலுக்குத்தான் போகிறோம். காலை நனைக்கிறோம், சுண்டல் வாங்குகிறோம், படம் எடுக்கிறோம், இருட்டுவதற்குள் வண்டி ஏறிவிடுகிறோம். அந்த மணலுக்குப் பின்னால் முந்நூறு வருஷமோ ஆயிரம் வருஷமோ வாழ்ந்த ஊர் ஒன்று இருக்கிறது. அதன் தெருவுக்குள் நாம் கால் வைப்பதில்லை. எனக்கு இதில் வருத்தம் அதிகம். ஏனென்றால் அந்த ஊர்களின் கதையில் பாதி நம் பக்கத்தில் நடந்தது. சோழமண்டலக் கரையில் எழுந்த பட்டினங்களும் விழுந்த பட்டினங்களும் பல, வந்தவாசியிலும் செஞ்சியிலும் தலையெழுத்து எழுதப்பட்டவை. அங்கே நாம் விருந்தாளியாகப் போக வேண்டியதில்லை. பங்காளியாகவே போகலாம்.

வந்தவாசியை எடுத்துக்கொள்ளுங்கள். கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்ட் 22ஆம் தேதியைச் சென்னை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறதே, அந்த நாளுக்கும் வந்தவாசிக்கும் உள்ள உறவு நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்கு மதராசப்பட்டினத்துக் கடலோரத்தில் கோட்டை கட்டிக்கொள்ள இடம் கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். விஜயநகர அரசருக்குக் கீழே அந்தக் கரையை ஆண்ட அவருக்கு இருப்பிடம் வந்தவாசி. பூவிருந்தவல்லியில் இருந்துகொண்டு கடலோரத்தைக் கவனித்தவர் அவர் தம்பி அய்யப்ப நாயக்கர். மெரினா மணலில் நிற்கும் ஆரணிப் பிள்ளையிடம், “இந்த ஊருக்கு மனை கொடுத்ததே நம்ம வந்தவாசிதான்டா” என்று சொல்ல வீட்டில் ஒரு அப்பாவோ அத்தையோ வேண்டும்.

கொடுத்த ஊரே இன்னொரு கடற்கரை ஊரைப் பறிக்கவும் களமானது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிக் கோட்டைக்கு வெளியே லாலியின் பிரெஞ்சுப் படையும் அயர் கூட்டின் ஆங்கிலேயப் படையும் மோதின. பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய கோட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. முதலில் நம் சேத்துப்பட்டு. சில வாரங்களில் கடலோரத்து ஆலம்பரை. மறு வருஷம் ஜனவரியில், மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்து பட்டினியால் வாடிய புதுச்சேரியே பணிந்தது. ஊரை மண்ணோடு மண்ணாக்கினார்கள். இன்று புதுச்சேரியில் நாம் ரசித்துப் பார்க்கும் பிரெஞ்சுத் தெருக்கள் பெரும்பாலும் அந்த அழிவுக்குப் பிறகு எழுந்தவை. திட்டம் பழையது, சுவர் புதியது.

செஞ்சிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம் மொகலாயர் துரத்தத் துரத்த வடக்கிலிருந்து தப்பி வந்து செஞ்சியில் தங்கியிருந்த காலம். பணமுடை. 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியர் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு விசித்திரமான அளவுகோல் வைத்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டும். குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள கிராமங்கள் எல்லாம் வாங்கியவருக்குச் சொந்தம். ஆங்கிலேயர்கள் சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்துச் சுட்டார்கள். அப்படிச் சேர்ந்த ஊர்களைக் குண்டு விழுந்த கிராமங்கள் என்றே பின்னாளில் சொன்னார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையை இன்று சில்வர் பீச் என்று அழைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடும் கூட்டத்தில், அந்தக் கோட்டையின் பெயர் செயின்ட் டேவிட் என்பதும், ராபர்ட் கிளைவ் அதற்குத் தலைவராக இருந்தவர் என்பதும் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? 1758இல் பிரெஞ்சுப் படை அதை இடித்துத் தள்ளியது. இடித்தது யார்? அதே லாலிதான், வந்தவாசியில் தோற்பதற்கு இரண்டு வருஷம் முன்பு.

சரி, வழிக்கு வருவோம்.

நம்மில் பெரும்பாலோர் பிடிப்பது செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போகும் சாலை. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதி தூரம் போவதற்குள் செஞ்சி வந்துவிடும். 2025 ஜூலையில் மராத்தியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில்; மிச்சம் ஒன்று நம் செஞ்சி. கடலுக்குப் போகிற நாளில் ராஜகிரி ஏற நேரம் இருக்காது. அடிவாரக் கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோயிலை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே பிள்ளைகளிடம் தூண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இருக்க வேண்டிய பல தூண்கள் அங்கே இல்லை.

அவை எங்கே என்று மாலையில் தெரியும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி எட்டு உயரமான தூண்கள் நிற்கின்றனவே, அவை செஞ்சியிலிருந்து வந்தவை. பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியை 1750இல் பிடித்துப் பதினோரு வருஷம் வைத்திருந்தார்கள். அந்த ஊரின் தூண்கள் பெயர்க்கப்பட்டுக் கடலோரம் வந்து சேர்ந்தன. முன்பு பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் சிலையைச் சுற்றி நின்றவை, இப்போது காந்தியைச் சுற்றி நிற்கின்றன. அடியிலிருந்து நுனிவரை சிற்பவேலை. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதில் சாய்ந்துகொண்டு படம் எடுக்கிறார்கள். உப்புக்காற்று ஒரு பக்கம் அரிக்க, நம் முதுகும் கையும் இன்னொரு பக்கம் தேய்க்கின்றன. தயவுசெய்து சாயாதீர்கள். தள்ளி நின்று கண்ணால் பாருங்கள்.

அந்தச் சாலையில் நிற்கும்போது இன்னொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். புதுச்சேரிக் கரையில் வெகுதூரத்துக்கு மணலுக்குப் பதில் கருங்கற்கள் குவிந்து கிடக்கும். முன்பு அங்கே அகன்ற மணல்வெளி இருந்தது. பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் கிழக்குக் கரையில் வருஷத்தில் அதிக மாதம் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகிறது. அதனால் மணல் தெற்கே இருந்து வடக்கே நகர்ந்துகொண்டே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். 1980களின் இறுதியில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்லணைகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் தெற்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. வடக்கே இருந்த கரை வருகிற மணல் இல்லாமல், போகிற மணலை மட்டும் இழந்துகொண்டே வந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று மீனவர் குடியிருப்புகளின் வாசல்வரை கடல் வந்தது. ஓரிடத்தில் கல் போட்டால் அடுத்த ஊரின் மணல் போகும். அங்கே கல் போட்டால் அதற்கடுத்த ஊர். இப்படியே தமிழ்நாட்டு எல்லைக்குள் பொம்மையார்பாளையம்வரை இந்த வேதனை நீண்டது. சில வருஷங்களுக்கு முன் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்தை ஒட்டிக் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பிறகு, அந்த இடத்தில் மட்டும் மணல் திரும்பியிருக்கிறது. இப்போது குழந்தைகள் ஓடி விளையாடும் அந்தச் சின்ன மணல்வெளி அப்படிக் கிடைத்தது. கட்டுமரத்தை இழுத்து வைக்க மணல் இல்லாமல் போன குடும்பங்களுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

நேரம் இருந்தால் அரிக்கமேடு போகலாம். செஞ்சிக்கு மேற்கே மலைகளில் பிறக்கும் சங்கராபரணியை நாம் செஞ்சி ஆறு என்போம். அதன் கிளைதான் அரியாங்குப்பம் ஆறு. நாம் சாலையில் வந்த அதே திசையில் ஆறும் வந்து கடல் சேருகிறது. அந்தக் கழிமுகத்தை ஒட்டித்தான் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய துறைமுகம் இருந்தது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த இருகைச் சாடிகளின் உடைசல்களும், இத்தாலியில் வனைந்த செந்நிறக் கிண்ணங்களின் துண்டுகளும், தமிழ் பிராமி கீறிய நம் ஊர்ப் பானை ஓடுகளும் ஒரே மண்ணில் கிடைத்தன. மணி செய்யும் பட்டறைகளும் அங்கே இருந்தன. ஒன்று சொல்லிவிடுகிறேன்: நேரே மேட்டுக்குப் போனால் ஏமாற்றமாக இருக்கும். மரத்தோப்பும், இடிந்த செங்கல் சுவரும்தான் கண்ணில் படும். அந்தச் சுவரும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது. முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் மணிகளையும் ஓடுகளையும் பார்த்துவிடுங்கள். பிறகு ஆற்றங்கரைக்குப் போனால் வெறும் தோப்பு வேறு மாதிரி தெரியும்.

மாசி மகத்தன்று போக முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி. மயிலம் முருகன், தீவனூர் பொய்யாமொழி விநாயகர், மேல்மலையனூர் அங்காளம்மன், செஞ்சி ரங்கநாதர், திண்டிவனம் நல்லியக்கோடன் நகர்ப் பெருமாள் என்று உள்நாட்டுத் தெய்வங்கள் எல்லாம் கடலாட வந்து வரிசையாக நிற்பார்கள். நம் அண்ணாமலையார் அன்றைக்குக் கடலுக்குப் போவதில்லை. அவருக்கு வேறு கடமை இருக்கிறது. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு மகனாக நின்று திதி கொடுக்கப் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறார். அதனால்தானோ என்னவோ, மாசி மகம் என்றதும் நமக்கு ஆற்றங்கரைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் வட்டாரத்து ஊர் ஊராகத் தெய்வங்கள் கடல் தேடிப் போகும் நாள் அது. சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளையில் இன்னொரு அழகு. ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி அங்கே கடலாட வரும்போது, வழியில் தர்காவில் இசுலாமியப் பெரியவர்கள் மாலை மரியாதையோடு அவரை வரவேற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடப்பது இது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சிகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு என் சிபாரிசு வேறு. திண்டிவனத்தில் புதுச்சேரிப் பக்கம் திரும்பாமல் நேரே மரக்காணம் போங்கள். அந்தச் சாலைக்கு வயசு அதிகம். சங்க காலத்தில் ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. பரிசில் வாங்கிய பாணன், இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். கடலோரத்து எயிற்பட்டினம், பிறகு வேலூர், ஆமூர், கடைசியில் அரசன் இருக்கும் கிடங்கில். கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் இருக்கிறது. எயிற்பட்டினம் மரக்காணம் என்று கருதப்படுகிறது. பாணன் கடலிலிருந்து உள்நாட்டுக்கு நடந்தான், நாம் உள்நாட்டிலிருந்து கடலுக்குப் போகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். எயிற்பட்டினத்தில் அவனுக்குச் சுட்ட மீன் கிடைத்தது. அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசமரத்தை நுளையர் என்ற மீனவர் வீட்டில் அடுப்புக்கு வைத்தார்கள் என்று அந்தப் பாட்டிலிருந்து தெரிகிறது. எந்தத் தேசத்து மரமோ, எந்தக் கப்பல் கவிழ்ந்து மிதந்து வந்ததோ!

மரக்காணத்தில் பூமீசுவரர் கோயில் இருக்கிறது. சுவரெல்லாம் சோழர் காலக் கல்வெட்டு. ராஜராஜன் பெயரைப் பிள்ளைகள் விரலால் தேடட்டும், தொடாமல். ஊரைத் தாண்டியதும் உப்பளம். நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் பொருள் எப்படி வருகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் நமக்குப் பக்கத்தில் இல்லை. கழிநீரைப் பாத்தியில் பாய்ச்சி வெயிலில் விடுகிறார்கள். ஒரு பாத்தியில் கொஞ்சம் சுண்டியதும் அடுத்த பாத்திக்குத் திறந்துவிடுகிறார்கள். கடைசிப் பாத்தியில் நீர்மேல் மெல்லிய ஏடு படரும். பிறகு அடியில் உப்பு பூக்கும். நீண்ட கழியில் கட்டிய பலகையால் அதை ஓரத்துக்கு இழுத்து வரப்பில் குவிக்கிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன் வேலை முடிய வேண்டும் என்பதால் இருட்டிலேயே வந்துவிடுகிறார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும்; உப்புநீர் காலை வெடிக்கவைக்கும். ஒரு கோடைமழை போதும், பாத்தியில் இருந்தது அத்தனையும் கரைந்துபோகும். மழைக்காலம் முழுக்க வேலை கிடையாது. நாம் கிலோ கணக்கில் வாங்கும் பொருள்களில் மிக மலிவானது உப்பு. அதை வாரிக் கொடுப்பவரின் கூலியும் அப்படியே மலிவாகக் கிடப்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

உப்பளத்துக்கு அடுத்தது கழுவேலி ஏரி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தையிலும் மாசியிலும் போனால் வெளிநாட்டுப் பறவைகளைப் பார்க்கலாம்.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், அரைமணி நேரத்துக்குள் கடப்பாக்கம். அங்கே கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் பிறந்த இடைக்கழிநாடு இதே மண்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே கோட்டை, கப்பல் வந்து சரக்கு இறக்கக் கடலுக்குள் நீண்ட துறை, நாணயம் அடிக்கும் அக்கசாலை எல்லாம் இருந்தன. ஆலம்பரை வராகன் என்று பெயர் பெற்ற காசு இங்கே அடித்தது. 1750இல் ஐதராபாத் நிஜாம் பட்டத்துக்கு வந்த முசாபர் ஜங், தனக்குக் கைகொடுத்த டூப்ளேக்கு இந்தக் கோட்டையைக் கொடுத்தார். பத்தே வருஷம். வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்றதும் ஆங்கிலேயர் இதைப் பிடித்துத் தகர்த்தார்கள். 2004 டிசம்பரில் சுனாமி மிச்சத்திலும் ஒரு பங்கை இடித்துப் போட்டது.

இப்போது போனால் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சுவர் இருக்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள். செங்கல் நம் காலத்துக் கல்லைவிட மெல்லியது. நடுவில் பூசிய சுண்ணாம்புக் காரை அதைவிடத் தடிமன். காரைக்குள் கிளிஞ்சல் துண்டுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கடலில் கிடைத்த கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் கடலோரத்திலேயே கோட்டை கட்டியிருக்கிறார்கள். உப்புக்காற்றில் செங்கல் கரைந்து உள்வாங்கிவிட்டது, காரை மட்டும் வரிவரியாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. பீரங்கிக்கும் சுனாமிக்கும் தப்பிய அந்தக் காரையில்தான் நம் இளைஞர்கள் சாவியால் பெயர் கிறுக்குகிறார்கள். மதுப்பாட்டில்களை அடித்து உடைத்துவிட்டுப் போகிறார்கள். நம் மாவட்டத்துப் பதிவெண் உள்ள வண்டிகளும் அங்கே நிற்பதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை நம் இதழில் எழுதுகிறேன். வீட்டில் வயசுப் பிள்ளைகள் இருப்பவர்கள் இந்தப் பத்தியை அவர்கள் கண்ணில் படும்படி வையுங்கள்.

கோட்டைக்கு முன்னால் உப்பங்கழி, அதற்கு அப்பால் மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். உள்ளூர் மீனவர்கள் படகில் கூட்டிப்போவார்கள். பேரம் பேசிக் குறைக்காமல் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். திரும்பும்போது கடப்பாக்கத்தில் மீன் வாங்கிக்கொள்ளலாம். ஐஸ் போட்டுத் தருவார்கள், திருவண்ணாமலை வரை தாங்கும்.

ஒரு ராத்திரி தங்கிவர முடிந்தால் தரங்கம்பாடிக்கும் போங்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அந்த உறவில் எழுந்த டேனிஷ் கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, இங்கே அச்சுக்கூடம் வைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். தமிழில் அச்சு இதழ் நடத்தும் எங்களைப் போன்றவர்கள் அந்தத் தெருவில் நடக்கும்போது உடம்பு சிலிர்க்கும். 1845இல் டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குச் சற்றுத் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே எழுந்த கோயில் அது. முன்பக்கத்துக் கட்டடம் எல்லாம் கடலுக்குள் போய்விட்டது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பலர் இந்தக் கோயில்வரை நடப்பதில்லை. நீங்கள் நடந்து போய்ப் பாருங்கள்.

பெற்றோருக்குச் சில வார்த்தை. கிணற்றிலும் ஏரியிலும் நீந்திப் பழகிய தைரியம் கடலில் கைகொடுக்காது. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் பல நேரம் ஆபத்தானது. கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் வேகமாக உள்ளே திரும்புகிறது. அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி முட்டி மோதக்கூடாது. கரையை ஒட்டிய திசையில் பக்கவாட்டாக நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு வெளியே வந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லுங்கள். உள்ளூர் மீனவர் “இறங்காதீங்க” என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடல் பக்கம் பயணம் வைக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். கோடை விடுமுறையில் போகிறவர்கள் துறைமுகத்தில் பெரிய ஏலம் பார்க்கலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். ஆனால் அந்த இரண்டு மாதத்தில்தான் படகுக்கு வர்ணம் அடிப்பதையும், வலை பழுது பார்ப்பதையும் சாவகாசமாகப் பார்க்க முடியும். மீனவர் தெருவில் போகும்போது காயும் வலையையும் கருவாட்டையும் மிதித்துவிடாதீர்கள். பெண்களைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். “எந்த ஊரு?” என்று அவர்கள் கேட்பார்கள். திருவண்ணாமலை என்றதும் முகம் மலரும். கார்த்திகை தீபத்துக்கு வந்த கதையைச் சொல்லத் தொடங்குவார்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மாசி மகத்துக்குக் கடலுக்குப் போன பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். எந்த வழியில் போனார்கள், எங்கே தங்கினார்கள், என்ன கட்டுச்சோறு கொண்டுபோனார்கள், திரும்பும்போது உப்போ கருவாடோ எதை ஏற்றி வந்தார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். வந்தவாசி, சேத்துப்பட்டு, கீழ்பென்னாத்தூர் வாசகர்களிடமிருந்து அதிகம் எதிர்பார்க்கிறேன். பழைய படங்கள் இருந்தால் பிரதி அனுப்பினால் போதும், அசலை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மாசி இதழில் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்